மொட்டைக் குழாயில் மாட்டிய சாப்பாட்டுப் பை

உன் சாப்பாட்டுப் பையை உன் உம்மா இன்று காலை என் கையில் கொடுத்தார்கள். எத்தனை தடவை துவைத்தும் டீசல் வாசனை போகவில்லை என்று அலுத்துக்கொண்டே கொடுத்தார்கள். பையை முகத்தருகே கொண்டுபோனேன். முதலில் டீசல். அதற்கு அடியில் எப்போதோ சிந்திய மீன் குழம்பு. பிறகு வெயிலில் காய்ந்த துணி. உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது தவிர, இந்த மூன்றும் ஒன்றாக எனக்கு வந்ததில்லை.

நீ போனபிறகு உனக்கு ஒரு வரிகூட நான் எழுதவில்லை. எழுதினால் அழுகையாகத்தான் வரும். அது உனக்குப் பிடிக்காது. இப்போது சொல்வதற்கு ஒரு சேதி இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து போனில் கடைசியாக நீ என்னிடம் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது.

உன் சின்ன டிராக்டரைப் பார்த்த எல்லோரும் முதலில் சிரித்தார்கள். மாட்டுவண்டியை விட அகலம் குறைவு. பல கை மாறி உன்னிடம் வந்தது. ஆனால் பெரிய டிராக்டர்காரர்கள் வர மறுக்கும் இடத்துக்கெல்லாம் அது போனது. இரண்டு வாழை வரிசைக்கு நடுவே நுழைந்து, இலை கிழியாமல் மறுபக்கம் வெளியே வரும். சேரன்மாதேவிக்கு மேற்கே ஆற்றோரம் துண்டு துண்டாகக் கிடக்கும் தோட்டங்களை நீதான் உழுதாய். உன் அண்ணனின் பழைய முழுக்கைச் சட்டையைச் சுடிதாருக்கு மேல் போட்டு, துப்பட்டாவைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருப்பாய்.

முதல் முறையாகப் பேச்சியம்மாள் பெரியம்மாவின் பிச்சிப்பூத் தோட்டத்துக்கு நீ வண்டியைக் கொண்டுபோன நாளில் நானும் கூட இருந்தேன். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு உன்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒங்க வீட்ல ஆம்பளை யாரும் இல்லையாட்டி?"

"இருக்காவ பெரியம்மா. சோறு பொங்கிட்டு இருக்காவ" என்று சொல்லிவிட்டு நீ வண்டியைக் கிளப்பினாய். புகை அடங்கியபிறகும் அவள் அதே இடத்தில் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு அவள் வேறு யாரையும் கூப்பிடவில்லை.

சனி, ஞாயிறுகளில் பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறி உன்னிடம் வருவேன். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் எங்கே போகிறேன் என்று சொன்னதில்லை. நீ உழுவாய், நான் வரப்பில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். மத்தியானம் நீ சாப்பாட்டுப் பையைக் கழற்றிக்கொண்டு வருவாய். புகைக்குழாய்க்குப் பக்கத்தில், எஞ்சினிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததே, வாய் பற்றவைத்து அடைக்கப்பட்ட மொட்டைக் குழாய், அதில்தான் பையை மாட்டிவைப்பாய். எஞ்சின் சூட்டில் சோறு அப்போதுதான் இறக்கியதுபோல் இருக்கும்.

"பாத்தியாட்டி, எந்தக் கம்பெனிக்காரன் இப்பிடி யோசிச்சுப் பண்ணுவான்? டிரைவருக்குச் சோறு ஆறிரக் கூடாதுன்னு தனியா ஒரு குழாய் வச்சிருக்கான்."

அந்தக் குழாய் எதற்கு என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, மெக்கானிக் சுடலை அண்ணனுக்கும் தெரியாது. குனியும்போதெல்லாம் அது அவர் சட்டையைக் கிழித்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல் அறுப்பு ரம்பத்தை எடுத்துவிட்டார். நீ ஓடிவந்து கையைப் பிடித்தாய்.

"என்னத்துக்குன்னு தெரியாம ஒண்ணையும் அறுக்கக் கூடாது அண்ணே. சட்டை நான் வாங்கித் தாறேன்."

அதை நீ விளையாட்டாகச் சொல்லவில்லை. எஞ்சினின் பக்கவாட்டில் நான்கு ஆணித் துளைகள் இருந்தன. அங்கே இருந்திருக்க வேண்டிய பெயர்த்தகடு இல்லை. அதற்கும் நீ ஒரு கதை வைத்திருந்தாய். யாரோ திருடிய எஞ்சின், அடையாளம் தெரியக்கூடாதென்று தகட்டைக் கழற்றிவிட்டார்கள் என்பாய். போலீஸ் ஜீப் எதிரே வந்தால் துப்பட்டாவை மூக்கு வரை இழுத்துக்கொள்வாய். "என்னைப் புடிச்சா நீ ஜாமீன் எடுக்கணும், புஸ்தகத்த மூடி வச்சுட்டு வரணும், என்ன?" உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முற்றத்தில் நின்ற டிராக்டரைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிக்கொண்டு போனதையும் இதே குரலில்தான் சொல்லிச் சிரித்தாய்.

பிறகு அந்த மார்கழி வெள்ளம். ஆறு உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்துக்குள் வந்து படுத்துக்கொண்டது. தண்ணீர் வடிந்தபோது வண்டியின் இருக்கை வரை வண்டல். நீயும் சுடலை அண்ணனும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவிக் காயவைத்தீர்கள். எஞ்சின் கிளம்பியது. நீ கூவிய சத்தம் வாய்க்கால் கரை வரை கேட்டது. ஆனால் ஐந்தாவது வரிசைக்குப் போவதற்குள் ரேடியேட்டர் கொதித்துப் பொங்கியது. தண்ணீரைச் சுற்றவிடும் பம்பைத் திறந்து பார்த்தால், உள்ளே வெறும் தண்டுதான் இருந்தது. சுழல வேண்டிய சக்கரத்தைக் காணவில்லை. எது உடைந்து எந்த வழியாகப் போனதென்று ஒருவருக்கும் புரியவில்லை.

அந்தப் பம்பைப் பையில் போட்டுக்கொண்டு நீ திருநெல்வேலி, தென்காசி, மதுரை என்று அலைந்தாய். ஒரு கடையிலும் பொருந்தவில்லை. அலைச்சலுக்கு நடுவில் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து நீ போன் செய்தபோதுகூட உன் குரலில் பயம் இல்லை.

"தென்காசிக் கடை அண்ணாச்சி மதுரைக்குச் சொல்லி விட்டிருக்காரு. பம்ப் வந்துட்டான்னு கேட்டுச் சொல்லுட்டி."

கேட்டேன். வரவில்லை என்றார்கள். அதைச் சொல்ல நான் திரும்பக் கூப்பிட்டபோது உன் போனை உம்மா எடுத்தார்கள். நீ போய்விட்டாய் என்று அவர்கள்தான் சொன்னார்கள்.

நாற்பதாம் நாள் ஓதி முடித்தபிறகு உன் அண்ணன் வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டார். என்னிடம் எப்போதும் மரியாதையாகப் பேசுகிறவர். அன்றும் அப்படித்தான் பேசினார்.

"டீச்சர், செங்கச்சூளைக்காரர் ஒருத்தர் தோட்டத்து மண்ணைக் கேக்காரு. உம்மா ஒத்தையில என்ன செய்வாவ? உழ ஆள் வர மாட்டேங்கான். தோட்டம் சும்மா கெடக்கு. வண்டியப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு மண்ணைக் குடுத்துரலாம்னு இருக்கேன்."

சூளைக்கு மண் கொடுத்த தோட்டங்களை நீயே எனக்குக் காட்டியிருக்கிறாய். ஆள் உயரத்துக்குத் தோண்டி, மழைத்தண்ணீர் தேங்கி, கரையில் நெருஞ்சி முளைத்துக் கிடக்கும். மேல்மண் போன இடத்தில் பிறகு வாழை வைக்க முடியாது.

"வண்டி ஓடினா மண்ணைக் குடுக்காம இருப்பீங்களா?" என்று கேட்டேன்.

"ஓடினா பாக்கலாம். நோன்புப் பெருநாளுக்கு ஊருக்கு வாறேன். அதுவரைக்கும் அவருக்கு வாக்குக் குடுக்கல."

போனை வைத்ததும் உம்மாவிடம் போய் உன் பம்பை வாங்கிக்கொண்டு வந்தேன். நீ சுற்றிவைத்த செய்தித்தாளைக்கூட நான் மாற்றவில்லை.

நீ போகாத வேறொரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை அண்ணாச்சியிடம் போய் நின்றேன். "வீட்ல அப்பாவையோ அண்ணனையோ வரச் சொல்லும்மா" என்றார். "வண்டிக்கு நான்தான் வந்திருக்கேன், அண்ணாச்சி" என்றேன். எஞ்சினை மூடும் முன்மூடியில் இருந்த கம்பெனிப் பெயரைச் சொன்னேன். அந்தக் கம்பெனியின் பம்பை எடுத்து, நம் பம்புக்குப் பக்கத்தில் வைத்தார். போல்ட் துளைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"இந்த முன்மூடிக்கும் இந்தப் பம்புக்கும் கல்யாணமே ஆகலம்மா. சும்மா சேந்து குடும்பம் நடத்துது."

அன்றுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. நீ அலைந்த அத்தனை கடையிலும் முன்மூடியில் எழுதியிருந்த பெயரைச் சொல்லித்தான் கேட்டிருக்கிறாய். எஞ்சின் வேறு. அந்த எஞ்சின் எது என்று சொல்லவேண்டிய தகடோ இல்லை.

அண்ணாச்சியே லேத் பட்டறைக்கு அனுப்பினார். லேத்துக்காரர் பம்பின் உள்பக்கத்தை அளந்து, பித்தளையில் ஒரு சக்கரம் கடைந்தார். அழகாக இருந்தது. ஆனால் பம்பின் உட்சுவரில் ஒரு பக்கம் மட்டும் மேடாக இருந்ததால் சக்கரம் அங்கே இடித்தது. "தேஞ்சு கோணிப்போச்சும்மா. அந்த மேட்டைச் சீவிட்டா சரியாயிரும்" என்று உளியைப் பொருத்தினார்.

என் வாயிலிருந்து உன் வார்த்தை வந்தது. "என்னத்துக்குன்னு தெரியாம ஒண்ணையும் அறுக்க வேண்டாம்."

அவருக்குக் கோபம்தான். பம்பைத் தொடாமல், சக்கரத்தைச் சின்னதாக்கிக் கொடுத்தார். சுடலை அண்ணன் மாட்டி ஓட்டிப் பார்த்தார். ஐந்தாவது வரிசைக்கு முன்னாலேயே ரேடியேட்டர் பொங்கியது. உம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். அன்று பஸ்ஸில் திரும்பும்போது புத்தகத்தைத் திறக்க முடியவில்லை. பித்தளைச் சக்கரத்தை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு காலத்தில் சரியாக வேலை செய்த பொருள் அந்தப் பம்புக்குள் இருந்திருக்கிறது. அது எப்படிப்பட்டதாக இருந்தால் அந்த மேட்டையும் தாண்டிச் சுழல முடியும்? இதை மட்டுமே வாரக்கணக்கில் யோசித்தேன். நோன்பு தொடங்கிவிட்டது.

என் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கும் டீச்சரின் தங்கைக்குக் கல்யாணம். திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். போக மனமில்லாமல்தான் போனேன். கூட்டம் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று உனக்குத் தெரியும். பந்தி முடிந்ததும் மெதுவாக நழுவிக் கடலைப் பார்க்க நடந்தேன்.

மணலில் ஏற்றி வைத்திருந்த ஒரு மீன்பிடி வள்ளத்தில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார் ஒருவர். கீழே ஒரு டிரம் நிறையத் தண்ணீர். அதிலிருந்து ஒரு குழாய் எஞ்சினுக்குப் போனது. புகைக்குழாய்க்குப் பக்கத்தில், விரல் நீளத்தில் இன்னொரு குழாய். அதிலிருந்து தண்ணீர் பீய்ச்சி மணலில் அடித்துக்கொண்டிருந்தது.

நான் நின்றுவிட்டேன். உன் பையை மாட்டும் குழாய் அது. அதே வளைவு. நம்முடையது வாய் அடைத்தது, இது திறந்தது. அவ்வளவுதான்.

"என்னம்மா, எஞ்சினையே பாத்துக்கிட்டு நிக்கிய? கல்யாண வீடு அங்கனல்லா இருக்கு" என்றார் அவர்.

"அண்ணே, இந்தக் குழாய் எதுக்கு?"

"எஞ்சினைக் குளுர வச்ச கடத்தண்ணி வெளிய போவ வேண்டாமா? அதுக்குத்தான்."

"எங்க டிராக்டர்ல இதே குழாய் இருக்கு."

அவர் எஞ்சினை நிறுத்தினார். பக்கத்து வள்ளத்தில் வலை சரிபண்ணிக்கொண்டிருந்த கூட்டாளியைக் கூப்பிட்டார். "ஏ மக்கா, இங்க வா. இந்தப் புள்ள டிராக்டரைக் கடல்ல விடுதாம்."

இரண்டு பேரும் சிரித்து ஓயும்வரை காத்திருந்தேன். பிறகு பெயர்த்தகடு இல்லாத கதையைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது.

"நாலு ஆணி ஓட்டை மட்டும் இருக்கா? அப்போ அது எங்க கரை எஞ்சின்தாம்மா. வள்ளம் ஒடஞ்சு போச்சுன்னா எஞ்சினை வித்துருவோம். தகட்டைக் குடுக்க மாட்டோம். எத்தனை தடவ உசுரோட கரை சேத்துருக்கு! அத எப்படிக் குடுக்க?"

வள்ளத்தின் உள்பக்கம், முன்மூக்கு ஓரமாகக் காட்டினார். பலகையில் பழைய பித்தளைத் தகடுகள் வரிசையாக அடித்திருந்தன. உப்பில் பச்சை பூத்து, எழுத்து தேய்ந்து போயிருந்தன. அவர் காலத்தது, அவர் அப்பா காலத்தது. அதில் ஒன்று நம்முடையதாக இருக்கலாம் என்று நினைக்க ஆசையாக இருந்தது. கேட்கவில்லை. திருட்டு எஞ்சின் இல்லையடி. யாரோ மனசில்லாமல் விற்ற எஞ்சின்.

யாரோ வள்ளத்து எஞ்சினை வாங்கி, டிராக்டரில் ஏற்றி, கடல்நீருக்குப் பதிலாக ரேடியேட்டரைக் கோத்து, மிச்சமிருந்த குழாயின் வாயை அடைத்திருக்கிறார்கள். உன் சோற்றைச் சூடாக வைத்தது அந்த மிச்சம்தான்.

"பம்புக்குள்ள என்ன இருக்கும் அண்ணே?"

அவர் தன் தகரப் பெட்டியைத் துழாவி என் உள்ளங்கையில் ஒன்றை வைத்தார். கறுப்பு ரப்பரில் ஒரு சின்னச் சக்கரம், சுற்றிலும் பூவிதழ்போல் மடல்கள். ஒரு மடலை விரலால் அழுத்தினேன். வளைந்தது, விட்டதும் நிமிர்ந்தது. பம்பின் சுவரில் இருக்கும் மேட்டில் மடல் வளைந்து, தாண்டியதும் நிமிர்ந்து தண்ணீரை இழுக்கும் என்று அவர் சொல்லுமுன்பே எனக்குப் புரிந்துவிட்டது. வெள்ளத்து மணலில் அரைபட்டு இந்த ரப்பர்தான் தூள்தூளாகக் கரைந்து போயிருக்கிறது. பித்தளைச் சக்கரத்தைப் பற்றிச் சொன்னேன். "பித்தளை எப்படிம்மா வளையும்?" என்றார். "மேட்டைச் சீவலியே? நல்ல வேளை. சீவிருந்தா பம்பைத் தூரத்தான் போடணும்."

கையெல்லாம் கிரீஸ். அவர் தோளில் கிடந்த லேஞ்சித் துண்டை எடுத்துத் துடைத்துக்கொள்ளச் சொன்னார். பட்டுச்சேலையில் கறையோடு கல்யாண வீட்டுக்குத் திரும்பினேன். யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை பம்பைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு மறுபடியும் திருச்செந்தூர் பஸ் ஏறினேன். அவர் நாலைந்து சக்கரங்களைப் போட்டுப் பார்த்து, சரியானதைப் பொருத்திக் கொடுத்தார். சேற்றுத் தண்ணீர் பட்டால் சீக்கிரம் இற்றுப்போகும், கூட ஒன்று வைத்துக்கொள் என்று இன்னொன்றும் தந்தார்.

இனி வண்டியை ஓட்ட ஆள் வேண்டும்; சுடலை அண்ணனுக்குப் பட்டறை இருக்கிறது. நீ எத்தனையோ தடவை கூப்பிட்டும் நான் ஏறாத இருக்கை. ஏறினேன். "கிளட்சைப் பைய விடும்மா... பைய... பையன்னு சொன்னேம்லா!" என்று சுடலை அண்ணன் தொண்டை வற்றக் கத்தினார். நோன்பு முடிவதற்குள் ஓரளவு வந்துவிட்டது.

பெருநாள் கழிந்த மறுநாள் காலையில் உன் அண்ணன் தோட்டத்துக்கு வந்தார். சூளைக்காரரும் மோட்டார் சைக்கிளில் வந்து ஓரமாக நின்றார். நான் யாரையும் பார்க்கவில்லை. எஞ்சினைக் கிளப்பி, கலப்பையை இறக்கினேன். முதல் வரிசை கோணல். இரண்டாவது அதைவிடக் கோணல். ஐந்தாவது வரிசை வந்தபோது உன் அண்ணன் வரப்பிலிருந்து இறங்கி வண்டியோடு கூடவே நடக்கத் தொடங்கினார். பொங்கப்போகிறது என்று ரேடியேட்டரையே பார்த்துக்கொண்டு நடந்தார். பொங்கவில்லை. தோட்டத்தின் கடைசி வரை நடந்தார். திரும்பி வரும்போதும் நடந்தார். புதுச்செருப்பு முழுக்க மண்.

நான் நிறுத்தியதும் அவர் அந்த மொட்டைக் குழாயின் மேல் கையை வைத்து, சூடு பொறுக்காமல் எடுத்துக்கொண்டார். ஊருக்கு வரும்போதெல்லாம் உன் பை அங்கே தொங்குவதைப் பார்த்தவர்தானே. பிறகு சூளைக்காரரைப் பார்த்து, அதிகம் சத்தமில்லாமல் சொன்னார்.

"மண்ணு இல்ல வே. உழுதாச்சு."

உம்மா வாசலில் நின்றார்கள். இந்த முறை உள்ளே போகவில்லை. "கோணலா இருந்தாலும் உழுதாச்சுல்லா" என்று மகனிடம் சொன்னார்கள். அடுத்த வாரமே வாழைக்கன்று வைத்துவிட்டோம். கன்னடியன் வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது.

இன்று முதல் முறையாக வெளி வேலை. பேச்சியம்மாள் பெரியம்மாதான் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால்தான் உம்மா காலையிலேயே உன் பையை எடுத்து, சோறும் குழம்பும் வைத்துக் கொடுத்தார்கள். அடுக்கு இரண்டு, நீ எனக்கும் சேர்த்துக் கொண்டுவருவாயே, அதே போல. நான் ஒருத்திதானே என்று அவர்களிடம் சொல்லவில்லை.

பெரியம்மா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். "அவ ஓட்டுனா நூல் புடிச்ச மாதிரி இருக்கும். நீ என்னட்டி, பாம்பு போன தடம் மாதிரி ஓட்டுத?"

"பழகிருவேன் பெரியம்மா."

பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், பிச்சிக்கொடியைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"ஒங்க வீட்ல ஆம்பளை யாரும் இல்லையாட்டி?"

அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பெரியவர்களிடம் நான் அப்படிப் பேசுகிறவள் இல்லை. ஆனாலும் எஞ்சின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னேன்.

"இருக்காவ பெரியம்மா. சோறு பொங்கிட்டு இருக்காவ!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு முந்தானை வாயிலிருந்து கண்ணுக்குப் போனது. நான் வண்டியை அடுத்த வரிசைக்குத் திருப்பினேன்.

மத்தியானம் பெரியம்மாவையும் கூப்பிட்டு வரப்பில் உட்கார்ந்து பையைப் பிரித்தேன். இரண்டாவது அடுக்கு அவளுக்கு. பையின் அடியில், துணியில் சுற்றி, அந்தக் கடற்கரைக்காரர் தந்த கூடுதல் ரப்பர் சக்கரம் இருக்கிறது. இனி பை போகும் இடமெல்லாம் அதுவும் போகும். இந்தச் சக்கரமும் ஒருநாள் இற்றுப்போகும். அன்று எங்கே போய் யாரைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தெரியும்.

சோறு சுடச்சுட இருந்தது.